அண்டை மொழி

ஸ்பானிய மொழி அறிந்தோர்க்குப் போர்ச்சுக்கீசியம் எளிதன்றோ எனக் கேட்பீர்கள். இரண்டும் இலத்தீன் ஈன்ற மக்களே. ஆயினும், 1143-இல் தனியரசாக ஏற்கப்பெற்ற போர்ச்சுக்கலின் மொழி தன் வழியே வளர்ந்தது. 1580 முதல் 1640 வரை இரு நாடுகளும் ஒரே மன்னர் ஆட்சியில் இருந்தும், மொழிகள் ஒன்றாகவில்லை.

நிலவு ஸ்பானியத்தில் 'லூனா'. போர்ச்சுக்கீசியத்தில் இடைநின்ற னகரம் மறைந்து 'லூவா'. சுவைமிக்கது எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல்லின் உடன்பிறப்பு, போர்ச்சுக்கீசியத்தில் 'விசித்திரமானது' என்று பொருள்படும். விருந்தைப் புகழ்வதாக எண்ணி, விருந்தளித்தவர் மனத்தைப் புண்படுத்த நேரலாம்!

ஆசிரியப் பணியில் நான் கண்ட உண்மை இது: அயல்மொழியை விழிப்போடு கற்கிறோம், அண்டை மொழியையோ அறிந்ததாகவே எண்ணிவிடுகிறோம். 1991-இல் பிரேசிலோடு வணிக உடன்படிக்கை கண்ட அர்ஜென்டினா, 2009-இல் வெளியிட்ட சட்டத்தால் இடைநிலைப் பள்ளிகள் போர்ச்சுக்கீசியம் கற்பிக்க வேண்டுமெனப் பணித்தது. உறவு மொழியையும் முறையாகக் கற்றே அறிதல் வேண்டும்.