கறுப்பு உடுப்பும் இரைச்சலும்: குயின் வீதி இரவுகள்

இரவு இரண்டு மணிக்குப் பின்னர் குயின் வீதியால் கிழக்கு நோக்கி வரும் 301 ஸ்ரீட்காரில் இரண்டு வகையான கறுப்பு உடுப்புக்காரர் ஏறுவார்கள். ஒரு வகை நாங்கள். எண்ணெய் தெறித்த கறுப்புக் காற்சட்டை, ஈரத்தில் வழுக்காத சப்பாத்து, உடம்பிலே பொரித்த வெங்காயத்தின் மணம். மற்றவர்கள் நிலத்தில் இழுபடும் கறுப்புப் பாவாடையும் தோல் மேலங்கியும் முழங்கால்வரை ஏறிய பூட்சும் அணிந்தவர்கள். வெள்ளைப் பூச்சு முகம், கண்ணைச் சுற்றி மை. முதன்முதலில் கண்டபோது சாவீட்டிலிருந்து வருகிறார்களோ என்றுதான் நினைத்தோம். ஆட்டம் முடிந்து வருகிறார்கள் என்று பிறகு அறிந்தோம்.

நாங்கள் என்று இங்கே எழுதுவது, ஸ்படைனாவுக்கும் பாதர்ஸ்டுக்கும் இடைப்பட்ட குயின் வீதியில் கோப்பை கழுவியும் இறைச்சி வெட்டியும் காலம் தள்ளிய ஏழெட்டுப் பேரை. எங்களில் மூத்தவர் 1991இல் வந்தவர். மற்றவர்கள் 2010க்குப் பிறகு, படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர்கள். எமது புலம்பெயர் எழுத்தில் பனி இருக்கிறது, கோப்பை இருக்கிறது, அம்மாவின் கடிதம் இருக்கிறது. நடுச்சாமத்தில் எங்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இல்லை. அந்தக் குறையைச் சிறிதாவது தீர்க்கவே இதனை எழுதுகிறோம்.

கோத் என்ற பெயரே ஒரு வசைச் சொல்லின் வரலாறு. கோத்துகள் பழைய ஜேர்மானியக் குடியினர். 410இல் ரோம் நகரைச் சூறையாடியவர்கள் அவர்களில் ஒரு பிரிவினர். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர்கள், தமக்கு முந்திய காலத்துக் கூர்வளைவுத் தேவாலயங்களைப் பழிப்பதற்கு அந்தக் காட்டுமிராண்டிகளின் பெயரை எடுத்தார்கள். 1764இல் ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் பேய்க்கோட்டைக் கதையொன்றை எழுதினார். அதன்பின் அந்தப் பெயர் இருளுக்கும் அச்சத்துக்கும் உரியதாயிற்று. 1979இல் பௌஹவுஸ் என்ற இங்கிலாந்துக் குழு, டிரக்குலா வேடத்தால் புகழ்பெற்ற நடிகர் பேலா லுகோசியின் மரணத்தைப் பொருளாக வைத்து ஒன்பது நிமிடத்துக்கு மேற்பட்ட பாட்டொன்றை வெளியிட்டது. 1982இல் லண்டன் சோஹோவில் பற்கேவ் என்ற இரவு விடுதி திறந்தது. பிறர் ஏசிய பெயரை எடுத்துத் தாமே சூடிக்கொண்டவர்கள் இவர்கள். அகதி என்ற பெயரைச் சுமக்கும் எங்களுக்கு இது விளங்காத காரியம் அல்ல.

இதன் பக்கத்து வீடுதான் இண்டஸ்ரியல் எனப்படும் தொழிற்சாலை இசை. 1976இல் லண்டனில் த்ரொபிங் கிறிஸ்ல் என்ற குழு இண்டஸ்ரியல் றெக்கோட்ஸ் என்று தமது வெளியீட்டகத்துக்குப் பெயர் வைத்ததிலிருந்து இந்தப் பெயர் வந்தது. இரும்பு உருக்கும் ஷெஃபீல்ட் நகரில் கபரே வோல்ரேர் குழு 1973இலேயே ஒலிநாடாக்களை வெட்டி ஒட்டிச் சோதனை செய்துகொண்டிருந்தது. 1980இல் மேற்கு பெர்லினில் ஐன்ஸ்ரூர்சென்ட நொய்பௌற்றன் என்ற குழு தகரம், இரும்புத் துண்டு, துளைபொறி ஆகியவற்றையே வாத்தியமாக எடுத்தது. ஆலைகள் மூடப்படும் நகரங்களில், அப்பன்மார் வேலை செய்த இயந்திரங்களின் சத்தத்தைப் பிள்ளைகள் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது லண்டனின் ரெஸ்ற் டிபார்ட்மென்ற் குழு, தெற்கு வேல்ஸின் வேலைநிறுத்தக்காரர் பாடகர் குழுவோடு சேர்ந்து இசைத்தட்டே வெளியிட்டது. வெறும் கூச்சல் என்று தள்ளிவிட முடியாத இசை இது.

கனடாவில் இதன் முதல் ஊர் வன்கூவர். ஸ்கின்னி பப்பி அங்கே 1982இல் தொடங்கியது. அக்குழுவோடு சிலகாலம் சேர்ந்திருந்த பில் லீப், பின்னர் ஃபிரண்ட் லைன் அசெம்பிளியை ஆரம்பித்தார். அவர் வியன்னாவில் பிறந்து கனடாவுக்கு வந்து சேர்ந்தவர். அவரும் ஒரு குடியேறிதான்.

ரொறன்ரோவில் இந்த இசைக்கு வாய்த்த வீதி குயின் மேற்கு. ஸ்படைனாவைச் சுற்றித் தையல் ஆலைகள் நிறைந்திருந்த பகுதி அது. முன்னைய அகதிகளும் குடியேறிகளும், பெரும்பாலும் யூதர்கள், அங்கே தைத்தார்கள். ஆலைகள் படிப்படியாக வெறுமையாக, குறைந்த வாடகைக்கு ஓவியரும் பாட்டுக்காரரும் வந்தனர். 1992இல் பாதர்ஸ்டுக்கு மேற்கே சாங்சுவரி திறந்தது. இரத்தக்காட்டேரியைப் பெயர்ப்பலகையிலேயே வைத்திருந்த விடுதி. ஸ்படைனாவுக்கு மேற்கே சாவேஜ் கார்டனும் வெல்வெற் அண்டர்கிரவுண்டும் இருந்தன. பாதர்ஸ்ட் மூலையில் ஊதா நிறம் பூசிய பிக் பொப் கட்டடம். அதற்குள் கதீட்ரல் என்று இன்னொரு மேடை. ரொறன்ரோவில் நடப்பதாகவே அமைந்த, துப்பறியும் இரத்தக்காட்டேரியைப் பற்றிய ஃபோறெவர் நைற் என்ற தொலைக்காட்சித் தொடரும் 1992 முதல் 1996 வரை ஓடியது. இந்நகரத்து எழுத்தாளர் லீசா லடூசர் 2011இல் கோத் உலகின் சொற்களுக்கு ஒரு கலைக்களஞ்சியமே வெளியிட்டார். அந்த இரவுகளுக்கு எழுத்தில் ஒரு பதிவு இருக்கிறது. அதே இரவுகளில் பக்கத்துச் சமையலறைகளில் நின்ற எம்மவர்களுக்கு அப்படியொன்று இல்லை.

1996 வரை ஒன்ராறியோவில் மது பரிமாறும் கடைசி நேரம் இரவு ஒரு மணி. அந்த ஆண்டில் அது இரண்டு மணியாயிற்று. ஆட வருபவர்களுக்கு ஒரு மணித்தியாலம் கூடியது. கோப்பை கழுவுபவர்களுக்கும் கூடியது. அதே 1996இல் மாநகரசபை கிங்-ஸ்படைனா பகுதியின் பழைய ஆலைக் கட்டடங்களை வேறு பயன்பாடுகளுக்குத் திறந்துவிட்டது. ரிச்மண்ட் வீதியிலும் அடிலெய்ட் வீதியிலும் பெரிய நடன விடுதிகள் பெருகின. வெள்ளி, சனி இரவுகளில் அங்கிருந்து வெறியில் வருபவர்களை எங்கள் மூத்தவர் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார். “தம்பியவை, வெள்ளைச் சேர்ட்டுக்காரர்தான் பஸ்ஸுக்கை எங்களைப் பாத்துக் கத்துறவை. இந்தப் பேய் வேசக்காரர் ஒருநாளும் ஒரு சொல்லுச் சொன்னதில்லை. எழும்பி இடம் தந்தவையும் இருக்கினம்,” என்பார்.

அவர்களுக்கும் ஏச்சு வாங்கிப் பழக்கம் இருந்தது. 1999 ஏப்ரலில் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் இரு மாணவர் சுட்டுக் கொன்றபோது, பத்திரிகைகள் கோத் கூட்டத்தைக் குற்றஞ்சாட்டின. கொலைகாரர் கோத்துகள் அல்லர் என்பது பின்னரே தெளிவாயிற்று. அதே காலத்தில் இந்நகரில் நான்கு தமிழ்ப் பெடியள் டோனற் கடை வாசலில் நின்றால் அது ‘கேங்’. 2007இல் இங்கிலாந்தில் சோஃபி லங்காஸ்ரர் என்ற இருபது வயதுப் பெண், கோத் உடுப்பில் இருந்ததற்காகவே அடித்துக் கொல்லப்பட்டாள். உடுப்பு ஒருவரைக் கொல்ல வைக்கும் என்று நாங்கள் அறிந்துகொள்வதற்கு இங்கிலாந்துக்குப் போகத் தேவையில்லை. அடையாள அட்டை, தோலின் நிறம், பேச்சின் இழுவை என்று எங்களுக்கும் அதுவேதான் நடந்தது.

எங்கள் சமையலறைச் சுவருக்கு அப்பால் ஒரு விடுதி இருந்தது. பத்து மணிக்குப் பின்னர் அங்கிருந்து வரும் அதிர்வில் தட்டில் அடுக்கிய கிளாசுகள் ஒன்றோடொன்று முட்டிச் சிணுங்கும். இந்தப் பக்கம் கோப்பை கழுவும் இயந்திரத்தின் இரைச்சல், புகையிழுக்கும் விசிறியின் உறுமல், இரும்புச் சட்டிகளின் மோதல். ஆலைச் சத்தத்தைப் பாவனை செய்ய அவர்கள் காசு கட்டி உள்ளே போனார்கள். நாங்கள் மணித்தியாலக் கூலிக்கு அந்தச் சத்தத்தின் நடுவே நின்றோம். இந்நகரின் ஆலை எங்கும் போய்விடவில்லை, அது சமையலறைக்குள் இடம்மாறியிருக்கிறது என்று எங்களில் ஒருவர் சொல்லிச் சிரித்தார்.

எங்களோடு சலாட் வெட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண், வேலை முடிந்ததும் கழிப்பறைக்குள் போய் முகம் மாற்றிக்கொண்டு வருவாள். ஒரு திங்கள் இரவு எங்களையும் கூப்பிட்டாள். வேலை உடுப்பே போதும், கறுப்புத்தானே என்றாள். மூன்று பேர் போனோம். புகை, நீல வெளிச்சம். ஒருவரையொருவர் தொடாமல், முன்னுக்கு இரண்டடி பின்னுக்கு இரண்டடி என்று, தனித்தனியே ஆடும் மனிதர்கள். யாரும் யாரையும் உரசவில்லை. எங்களை ஏன் வந்தீர்கள் என்று கேட்கவும் இல்லை. ஊரில் திருவிழா இரவில் தவிலுக்கு முன்னால் நின்றபின் அப்படி ஒரு கூட்டத்துக்குள் நாங்கள் நின்றதில்லை.

நான்காம் பாட்டோ ஐந்தாம் பாட்டோ, இசைக்குள் ஒரு அபாயச் சங்கு ஊதத் தொடங்கியது. அதன் கீழே விமானம் தாழ்ந்து வருவது போன்ற ஒரு இரைச்சல். எங்களில் வன்னியிலிருந்து வந்தவர் அடுத்த கணம் அங்கே இல்லை. வெளியே நடைபாதையில், சுவரோடு முதுகை ஒட்டிக் குந்தியிருந்தார். கிபிர் வந்தது என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண்ணும் பின்னால் வந்தாள். ஒன்றும் கேட்காமல் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து நீட்டினாள். அவர் புகைப்பதில்லை. ஆனால் வாங்கிக்கொண்டார்.

அதன்பின் எங்களுக்குள் பல நாள் சண்டை. குண்டுச் சத்தத்தில் ஆடுபவர்கள் மனிதர்களா என்றார் ஒருவர். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தை விட்டு வந்தவர் வேறொன்று சொன்னார். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பின்னர் குடாநாட்டில் ஊரடங்கு இரவுகளில் சத்தமே இருக்கவில்லை. நாய் குரைத்தால், மோட்டார்ச் சைக்கிள் ஒன்று ஒழுங்கைக்குள் திரும்பினால், வீடெல்லாம் மூச்சை அடக்கும். காலையில் யாரோ ஒருவர் காணாமற் போயிருப்பார். தன்னை இன்றும் நித்திரையால் எழுப்புவது சத்தமல்ல, அந்த அமைதிதான் என்றார். சத்தம் நல்லதா அமைதி நல்லதா என்பது பிழையான கேள்வி. அதை நிறுத்தும் சுவிச் யாருடைய கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

2014இல் இதற்கு ஒரு சாட்சி கிடைத்தது. குவான்ரனாமோ சிறையில் கைதிகளைச் சித்திரவதை செய்யத் தமது இசை பயன்படுத்தப்பட்டதாக அறிந்த ஸ்கின்னி பப்பி குழுவினர், அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு 666,000 டொலருக்குக் கட்டணப் பட்டியல் அனுப்பியதாக அறிவித்தனர். பகிடிபோலத் தோன்றும், ஆனால் பகிடியல்ல. அதே பாட்டு. குயின் வீதியில் காசு கட்டி உள்ளே போய், வேண்டாமென்றால் வெளியே வரலாம். கூண்டுக்குள் இருப்பவனுக்குக் கதவு இல்லை.

இரைச்சலை எங்கள் பக்கத்திலிருந்து திருப்பி எறிந்தவரும் ஒருவர் உண்டு. சிறுவயதை யாழ்ப்பாணத்தில் கழித்து, 1986இல் அகதியாக லண்டன் திரும்பிய மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2010 ஜூலையில் வெளியிட்ட தொகுப்பில் துளைபொறியின் ஓசை இருக்கிறது. நியூயோர்க்கின் சூசைட் என்ற பழைய இரைச்சல் குழுவின் இசைத்துண்டும் இருக்கிறது. முள்ளிவாய்க்கால் முடிந்து பதினான்கு மாதம். காது வலிக்கிறது என்று விமர்சகர் சிலர் குறைப்பட்டார்கள். வலிக்கவேண்டும் என்பதுதானே நோக்கம்.

2009 ஏப்ரலில் யூனிவேர்சிற்றி அவெனியூவில், குயின் வீதிக்குச் சற்று வடக்கே, அமெரிக்கத் துணைத்தூதரகத்தின் முன்னால் எம்மவர்கள் இரவும் பகலும் பறை அடித்துக் கத்தினார்கள். மே 10ஆம் திகதி கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறினார்கள். இந்நகரத்தவர் பலருக்கு அது போக்குவரத்து இடைஞ்சலும் இரைச்சலுமாகவே இருந்தது. எங்கள் மூத்தவர் வேலை முடிந்து நேரே அங்கே போய் நின்றவர். நடுச்சாமத்தில் கறுப்பு உடுப்புப் பெட்டையள் இரண்டு பேர் வந்து, எதற்காக என்று கேட்டு, துண்டுப்பிரசுரத்தை முழுவதும் வாசித்துவிட்டுப் போனதாகச் சொல்வார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் நின்று வாசித்தவர்களை அவர் மறக்கவில்லை.

சாங்சுவரி 2000இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் காப்பிக்கடை வந்தது. பிக் பொப் 2010 ஜனவரியில் மூடியது. ஊதாப் பூச்சை உரித்து, தளபாடக்கடை ஆக்கினார்கள். யூனிவேர்சிற்றியிலிருந்து பாதர்ஸ்ட் வரையான குயின் வீதியை 2007இல் மாநகரசபை மரபுரிமைப் பகுதியாக அறிவித்திருந்தது. செங்கல் காப்பாற்றப்பட்டது. உள்ளே ஆடியவர்களையும் சமைத்தவர்களையும் காப்பாற்ற எந்தச் சட்டமும் இருக்கவில்லை. வாடகை ஏற, நாங்கள் வேலை செய்த இடமும் போயிற்று. இப்போது ஆளுக்கொரு திசையில் நிற்கிறோம்.

வன்னியிலிருந்து வந்தவர் பின்னரும் சில திங்கள் இரவுகள் அந்த விடுதிக்குப் போனார். ஆடுவதில்லை. கதவருகில் நிற்பார். சங்கு ஊதினால் வெளியே வருவார், அது ஓய்ந்ததும் திரும்ப உள்ளே போவார். ஏனப்பா இந்த வேலை என்று கேட்டோம். “இஞ்சை போகலாம், வரலாம்,” என்றார்.