இருட்டையும் கணக்கில் எடுத்த வெளிச்சம்

தெற்குக் கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் ‘பெங்கால் லாம்ப்’ என்ற பெயரில் இன்றும் ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. பெயரைக் கொடுத்த பல்பு ஆலைதான் இல்லை. 1930-களின் தொடக்கத்தில் ராய் சகோதரர்கள் சுதேசி முனைப்போடு தொடங்கிய அந்த ஆலை 1980-களின் இறுதியில் மூடப்பட்டது. பக்கத்திலேயே ஜாதவ்பூர் பல்கலைக்கழகம். 1906-இல் தேசியக் கல்விக் கழகம் போட்ட வித்திலிருந்து வளர்ந்து 1955-இல் பல்கலைக்கழகமான அங்கே, ஒளியமைப்புப் பொறியியலுக்கென்று தனிப் பள்ளியே நடக்கிறது. பல்பைச் செய்த ஊர், வெளிச்சத்தைப் பாடமாகவும் வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட ஓர் ஊரில் ஒரு சிறு கலைக்கூடம் நாடக பாணியில் டிராக் விளக்குகள் (கூரைப் பட்டையில் நகர்த்திப் பொருத்துபவை) அமைக்க நினைத்தாலும், முதலில் எழுவது எத்தனை விளக்கு, எத்தனை வாட் என்ற கேள்விதான். வங்க மேடையின் நூறாண்டைப் பார்த்தால் அந்தக் கேள்வி பின்னால் வர வேண்டியது என்றே சொல்வேன். அங்கே மேடை ஒளி வளர்ந்தது பிரகாசம் கூடியதால் அல்ல. எங்கே விழ வேண்டும், எவ்வளவு விழ வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்பது மனிதரின் கைக்கு வந்ததால்.

கொல்கத்தா மின்வழங்கல் நிறுவனத்தின் முதல் மின் நிலையம் இமாம்பாக் சந்தில் 1899-இல் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் வந்ததும் பிரகாசம் எளிதாயிற்று. மேடைக் கலை உடனே மாறிவிடவில்லை. மாற்றத்துக்கு ஆள் தேவைப்பட்டது. அமெரிக்காவில் நாடகத் தொழில்நுட்பம் பயின்று நியூயார்க்கில் பணியாற்றிய சதூ சென் 1930-களில் ஊர் திரும்பினார். ரங்மகால் அரங்கில் சுழல்மேடையைக் கொண்டுவந்தார். ஒளியமைப்பை நாடகத்தின் ஓர் அங்கமாகவே திட்டமிட்டார். பின்னாளில், 1959-இல் தில்லியில் தேசிய நாடகப் பள்ளி தொடங்கியபோது அதன் முதல் இயக்குநராக அமர்ந்தவரும் அவர்தான். அந்தக் கால வங்க மேடையை ஏழைகளின் கைவேலை என்று மட்டும் பார்ப்பவர்கள் இந்தப் பயிற்சியின் ஆழத்தை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த தலைமுறையில் தாபஸ் சென் வந்தார். 1924-இல் அசாமில் பிறந்து, தில்லியில் வளர்ந்து, கொல்கத்தாவில் வேலை செய்தவர். 1954-இல் சம்பு மித்ராவின் பகுரூபி குழு தாகூரின் ‘ரக்தகரபி’யை மேடையேற்றியபோது அரங்க அமைப்பு காலித் சௌதுரியுடையது, ஒளி தாபஸ் சென்னுடையது. அந்த நாடகத்தின் அரசன் வலைக்குப் பின்னால் இருப்பவன்; நெடுநேரம் குரலாக மட்டுமே இருக்கிறான். அவன் மேல் விளக்கைப் பாய்ச்சினால் நாடகமே செத்துப்போகும். காட்டாமல் வைத்திருப்பதும் ஒளியமைப்பாளரின் வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. 1959-இன் இறுதியில் மினர்வா அரங்கில் உத்பல் தத்தின் ‘அங்கார்’ தாபஸ் சென்னின் ஒளியமைப்பில் வந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் சிக்கிய தொழிலாளர்கள் வெள்ளத்தில் மூழ்கும் காட்சி. மேடையில் நீரே கிடையாது. ஒளியும் நிழலும் சேர்ந்து நீர்மட்டம் ஏறுவதாக நம்பவைத்தன, ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. அதே காலத்தில் ‘சேது’ நாடகத்தில் ரயில் ஒன்று பார்வையாளரை நோக்கிப் பாய்ந்து வந்தது, அதுவும் வெளிச்சத்தாலேயே.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். வெள்ளத்தையும் ரயிலையும் பார்க்கத்தான் கூட்டம் வந்தது, நாடகத்தைப் பார்க்க அல்ல. இது வித்தை காட்டுவதுதானே? இலங்கேஸ்வரன் போன்ற நாடகங்களின் தந்திரக் காட்சிகளை ஆர். எஸ். மனோகரின் மேடையில் ரசித்த தமிழ் ரசிகர்களுக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. இதில் உண்மை இருக்கிறது; வித்தையின் புகழ் நாடகத்தை முந்திக்கொண்டு ஓடியதை மறுக்க முடியாது. ஆனால் வலைக்குப் பின்னிருந்த அரசனையும் ஏறிவந்த வெள்ளத்தையும் அமைத்தது ஒரே கைதான். எங்கே அடக்க வேண்டும் என்று தெரிந்தவர் எங்கே கட்டவிழ்க்க வேண்டும் என்றும் தெரிந்துவைத்திருந்தார். இரண்டும் ஒரே திறமை.

இதைவிட வலுவான ஆட்சேபம் பாதல் சர்க்காருடையது. மேடை, திரை, ஒப்பனை, விளக்கு என்று பணம் தின்னும் எல்லாவற்றையும் உதறிவிட்டு, 1972 முதல் அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கட்டடத்து அறையிலும் பிறகு பூங்காக்களிலும் தெருக்களிலும் அவர் நடத்திய மூன்றாம் அரங்கு, நாடகத்துக்கு நடிகரும் பார்வையாளரும் போதும் என்று நிறுவியது. அப்படியானால் விளக்குக்குச் செலவு எதற்கு? அவர் செய்ததைக் கூர்ந்து பார்த்தால் விடை அதற்குள்ளேயே இருக்கிறது. நடிகருக்கும் பார்வையாளருக்கும் ஒரே வெளிச்சம் என்று அவர் வைத்தது, இருட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பழக்கத்தை உடைக்கத்தான். அதுவும் தெரிந்தே எடுத்த ஒளி முடிவு. ஆகவே ஒரு கலைக்கூடம் அவருடைய வழியில் அறை முழுவதையும் சீராக நனைக்கவும் வேண்டும், தாபஸ் சென் வழியில் ஒற்றை முகத்தைத் தனியே எடுக்கவும் வேண்டும்.

டிராக் விளக்கு பிறந்தது கடைகளுக்கும் ஓவியக்கூடங்களுக்கும். 1960-களில் அமெரிக்காவில் பரவியது. மேடைக்கு அது பொருந்துமா என்பதைக் கோணம் சொல்லும். மூன்று மீட்டர் கூரையில், சுவரில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொங்கும் ஓவியத்துக்குச் செங்குத்திலிருந்து சுமார் 30 பாகைச் சாய்வு வேண்டும். டிராக் சுவரிலிருந்து ஏறக்குறைய 90 சென்டிமீட்டரில் இருந்தால் போதும். அதே கூரையின் கீழ் நிற்கும் நடிகரின் முகத்துக்கு 45 பாகை என்பது மேடைக்காரர்களின் பழைய கணக்கு. அதற்கு அவரிடமிருந்து ஒன்றரை மீட்டர் முன்னால் டிராக் வேண்டும். ஒரே வரிசை இரண்டு வேலையையும் செய்யாது. செய்யவைக்க முயன்றால் ஓவியத்தில் கண்ணைக் கூசும் பிரதிபலிப்பு வரும், அல்லது நடிகரின் கண்குழியில் நிழல் தங்கும்.

அடுத்தது அடக்கும் வசதி. மூன்று மின்சுற்று கொண்ட டிராக் என்றால் மூன்று குழுக்களை மட்டுமே தனித்தனியாக இயக்கலாம். ஒவ்வொரு விளக்கையும் தனியே மங்கச்செய்ய வேண்டுமானால் விளக்குக்குள்ளேயோ அருகிலோ அதற்கான கட்டுப்பாடு இருக்க வேண்டும். பழைய இழை பல்பு மங்கும்போது சிவந்து, இதமாக மறையும். எல்இடி அப்படியல்ல, மலிவானது கடைசிக் கட்டத்தில் நடுங்கும், அல்லது பட்டென்று அணையும். மாலைக் காட்சி மெல்ல இருளும் நேரத்தில் அந்த ஒரு துள்ளல் போதும், பார்வையாளர் நாடகத்தை விட்டுக் கூரையைப் பார்ப்பார். பத்து விளக்கு வாங்கும் பணத்தில் ஆறு வாங்கி, மிச்சத்தை டிம்மருக்கும், ஒளிக்கற்றையை ஓரம் வெட்டும் தகடுகளுக்கும், இரண்டாவது டிராக்குக்கும் கொடுப்பதே சரி என்று நினைக்கிறேன். விளக்கைப் பின்னாலும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். கூரைக்குள் போகும் கம்பிகளைப் பூச்சு முடிந்தபின் மாற்றுவது அரிது.