வேடந்தாங்கல்: ஊரார் காத்த ஏரி



தமிழ்நாட்டில் செங்கல்பட்டு மாவட்டத்திலே வேடந்தாங்கல் என்றொரு சிற்றூர். அங்கே ஏறக்குறைய 30 ஹெக்டர் ஏரி. தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களிலே நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டும்.

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அவற்றைச் சுட்டார்கள். ஊரார் சும்மா விடுவாங்களா? கலெக்டரிடமே முறையிட்டார்கள். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதிக் கொடுத்தார்.

ஏன் இத்தனை அக்கறை? பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாச்சே! சரணாலயம் என்று அரசு அறிவித்ததோ 1936-இல்தான். இன்றும் பருவகாலத்தில் யாரும் போய்க் கரையில் நின்று பார்க்கலாம்.

பெற்றோர்களே, சட்டம் வருமுன்பே அந்த உழவர்கள் விழித்துக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் உண்டிவில்லோடு கிளம்பினால், அடிக்காதீங்க. இந்தக் கதையைச் சொல்லுங்க.