விருதுக்கு யார் பெயர்?

ஆஸ்கரில் சிறந்த இயக்குநர் யார் என்று பந்தயம் கட்ட ஆசையா? ஜோசியரிடம் போகவேண்டாம். அமெரிக்க இயக்குநர்கள் சங்கம் அந்த வருடம் யாருக்கு விருது கொடுத்தது என்று பாருங்கள், போதும். 1948 முதல் 2019 வரை வந்த படங்களை எடுத்துக்கொண்டால், சங்கம் கை காட்டியவரை ஆஸ்கர் கைவிட்டது எட்டே எட்டு முறைதான்.

காரணம் பெரிய ரகசியமில்லை. ஓட்டுப் போடுகிறவர்கள் அதே தொழில்காரர்கள். வெயிலில் நின்று ஷாட் எடுத்தவனுக்குத்தான் அந்த ஷாட்டின் கஷ்டம் தெரியும்.

ஆனால் நாம் பார்க்கப்போவது மேடையை அல்ல. மேடைக்குப் பின்னால் நடந்த ஒரு சண்டையை.

1936-ல் ஹாலிவுட் ஸ்டூடியோ முதலாளிகளைச் சமாளிக்க இயக்குநர்கள் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் இது. முதல் தலைவர் கிங் விடார். டி.வி. இயக்குநர்களும் வந்து இணைந்து, இன்றைய பெயர் கிடைத்தது 1960-ல். நடுவில், 1949-ல், முதல் ஆண்டு விருதைக் கொடுத்தார்கள். வாங்கியவர் ஜோசப் மான்கிவிட்ஸ். 'எ லெட்டர் டு த்ரீ வைவ்ஸ்' படத்துக்காக.

அடுத்த வருடமே அவர் சங்கத் தலைவர். அப்போதுதான் வந்தது வினை.

அமெரிக்காவில் எங்கே பார்த்தாலும் கம்யூனிஸ்ட் பூதம் தெரிந்த காலம் அது. 'நான் கம்யூனிஸ்ட் இல்லை' என்று ஒவ்வொரு உறுப்பினரும் சத்தியம் செய்து கையெழுத்துப் போடவேண்டும் என்றார் செசில் பி. டெமில். ஆமாம், பின்னாளில் 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' எடுத்தாரே, அதே டெமில். மான்கிவிட்ஸ் வெளிநாடு போயிருந்த சமயம் பார்த்து நிர்வாகக் குழு தீர்மானத்தை நிறைவேற்றியது. திரும்பி வந்தவர், கட்டாயச் சத்தியம் கூடாது என்றார்.

அவ்வளவுதான். தலைவரைத் தூக்கு என்று ஓட்டுச்சீட்டு அச்சடித்துவிட்டார்கள். அதில் ஒரு விசேஷம் உண்டு. 'ஆம்' என்பதற்கு மட்டும்தான் இடம். 'இல்லை' சொல்ல இடமே கிடையாது!

மான்கிவிட்ஸ் பக்கம் இருபத்தைந்து பேர் கையெழுத்துப் போட்டுப் பொதுக்கூட்டம் கேட்டார்கள். 1950 அக்டோபர் 22. பெவர்லி ஹில்ஸ் ஹோட்டல். கூட்டம் நள்ளிரவைத் தாண்டி நீண்டது. டெமில் அந்த இருபத்தைந்து பேரின் தேசபக்தியையே சந்தேகித்துப் பேச, சபை கொதித்துப் போனது. கடைசியில் எழுந்தார் ஜான் ஃபோர்டு. கௌபாய் படங்களின் சக்கரவர்த்தி. ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர் டெமில் என்று முதலில் பாராட்டினார். பிறகு, அவர் இப்போது செய்வது தனக்குப் பிடிக்கவில்லை என்றார். நிர்வாகக் குழு மொத்தமும் ராஜினாமா செய்யட்டும் என்றார். செய்தது. தலைவர் பிழைத்தார்.

நியாயம் ஜெயித்தது என்று எழுந்துவிடாதீர்கள். சில நாள்களிலேயே மான்கிவிட்ஸ் உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். எல்லோரும் தாமாகவே முன்வந்து அந்தச் சத்தியத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று! கூட்டத்தில் ஜெயித்தவரையும் ஊரில் அடித்த காற்று சாய்த்துவிட்டது.

அடுத்த திருப்பம் 1953-ல். வாழ்நாள் சாதனைக்கென்று சங்கம் ஓர் உச்ச விருதை உருவாக்கியது. சினிமா மொழிக்கு இலக்கணம் வகுத்த முன்னோடி டி.டபிள்யூ. கிரிஃபித்தின் பெயரை வைத்தார்கள். முதல் விருது யாருக்கு? சாட்சாத் டெமிலுக்கு. மறு வருடம் ஜான் ஃபோர்டுக்கு. மான்கிவிட்ஸ் 1986 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

பெயர் விஷயம் அதற்கப்புறம்தான் வெடித்தது. கிரிஃபித் 1915-ல் எடுத்த 'த பர்த் ஆஃப் எ நேஷன்' கறுப்பின மக்களைக் காட்டுமிராண்டிகளாகவும், அவர்களை வேட்டையாடிய கூ க்ளக்ஸ் க்ளான் கும்பலை ரட்சகர்களாகவும் காட்டிய படம். செத்துக் கிடந்த அந்தக் கும்பலுக்கு அதே வருடம் மறுபடி உயிர் வந்தது. கறுப்பின மக்களின் உரிமை அமைப்பு அப்போதே எதிர்த்துப் போராடியது. சங்கத்தின் காதில் விழ 1999 டிசம்பர் ஆகிவிட்டது. கிரிஃபித் பெயரை எடுத்துவிட்டார்கள்.

உடனே ஒரு கூக்குரல். சரித்திரத்தை அழிக்கலாமா? அமெரிக்க சினிமா விமர்சகர்களின் அமைப்பு ஒன்றே கண்டித்தது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். படத்தை யாரும் எரிக்கவில்லை. இன்றைக்கும் பார்க்கலாம், பாடம் நடத்தலாம். ஒரு மனிதரைச் சரித்திரத்தில் வைத்துப் படிப்பது வேறு. 'இவரைப் போல வாழ்ந்தாய்' என்று சொல்லி இன்னொருவர் கையில் அவர் பெயரைக் கொடுப்பது வேறு. ஒரு கறுப்பின இயக்குநர் அந்த மேடையில் நின்று அந்தப் பெயரை வாங்கவேண்டும் என்றால், அதற்குப் பெயர் மரியாதையா?

2000-ல் ஸ்பீல்பெர்க் அதே விருதை வாங்கியபோது அது வெறும் 'வாழ்நாள் சாதனை விருது'. பழைய பட்டியலில் ஒரு பெயரையும் அடிக்கவில்லை. சத்தியம் கேட்ட டெமில், தட்டிக்கேட்ட ஃபோர்டு, தப்பிப் பிழைத்த மான்கிவிட்ஸ், மூன்று பேரும் அதில் பத்திரமாக இருக்கிறார்கள். சண்டை போட்டவர்களுக்கெல்லாம் அங்கே இடமிருக்கிறது. தலைப்பில் மட்டும் யாருமில்லை.