பிங்க் ஃப்ளாய்டின் தனி ஆல்பங்கள்: ரிச்சர்ட் ரைட்டுக்கு ஒரு சாட்சியம்

ராக் குழுக்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு சான்றுகளை நம்புகிறார்கள். ஒன்று, ஆல்பத்தின் உறையில் அச்சாகியிருக்கும் படைப்பாளி பெயர். மற்றொன்று, மேடையின் நடுவில் நின்றவரின் முகம். பிங்க் ஃப்ளாய்டைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ரோஜர் வாட்டர்ஸ், டேவிட் கில்மர் ஆகிய இருவரையே காட்டுகின்றன. உறுப்பினர்கள் தனியே வெளியிட்ட ஆல்பங்களை மூன்றாவது சான்றாக இக்கட்டுரை முன்வைக்கிறது. குழுவை விட்டு வெளியே வந்தவர் யாரைத் துணைக்கு அழைக்கிறார், எது கிடைக்காமல் தடுமாறுகிறார் என்று கவனித்தால், குழுவுக்குள் யார் எதைச் செய்தார் என்பது விளங்கும். அந்த வழியில் பார்க்கும்போது, தகுதிக்கு மிகக் குறைவாக மதிக்கப்பட்டவர் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்.

வாட்டர்ஸ் பேஸ் கித்தார், கில்மர் கித்தார், ரைட் கீபோர்டு, நிக் மேசன் டிரம்ஸ் என்ற வழக்கமான பட்டியல் பாதி உண்மைதான். ‘ஹே யூ’ பாடலில் ஒலிக்கும் பேஸ் கித்தார் கில்மருடையது. ‘பிக்ஸ்’ பாடலிலும் பேஸ் வாசித்தவர் அவரே. வாட்டர்ஸ் அங்கே ரிதம் கித்தாரை எடுத்துக்கொண்டார். ‘மதர்’ பாடலுக்கு டிரம்ஸ் வாசித்தவர் மேசன்கூட இல்லை, ஜெஃப் போர்க்காரோ. ஆகவே ஒருவர் கையில் இருந்த கருவியின் பெயரை வைத்து அவருடைய பங்கை அளந்துவிட முடியாது.

குழுவே இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பார்த்தது. 1969இல் வந்த ‘உம்மகும்மா’ இரட்டை ஆல்பத்தின் ஸ்டூடியோத் தட்டு நால்வருக்கும் பங்கு பிரிக்கப்பட்டது. ரைட் ‘சிசிஃபஸ்’ என்று நான்கு பகுதி கொண்ட இசைக்கோவையை அமைத்தார். கில்மர் தன் பங்குக்கு எல்லாக் கருவிகளையும் தானே வாசித்தார். பாடல் வரிகளுக்கு வாட்டர்ஸிடம் உதவி கேட்டபோது மறுப்புதான் கிடைத்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். துண்டுதுண்டாகச் சுவை உண்டு. ஆனால் அந்தத் தட்டு ஒரு குழுவின் ஆல்பமாகத் திரளவில்லை.

இரண்டே ஆண்டுகளில் ‘எக்கோஸ்’ வந்தது. 23 நிமிடங்களுக்கு மேல் நீளும் அந்தப் படைப்பு, லெஸ்லி ஒலிபெருக்கி வழியே வரும் ரைட்டின் ஒற்றைப் பியானோ சுரத்தில் பிறக்கிறது. கில்மரின் கித்தார் அதன் மேல்தான் படர்கிறது. 1973இல் வெளியான ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்திலும் இதே உறவைக் கேட்கலாம். ‘பிரீத்’ பாடலில் வரும் ஒரு கார்டை மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்திலிருந்து கற்றதாக ரைட்டே விளக்கியிருக்கிறார். ஜாஸ் மீது அவருக்கு இருந்த பற்று அந்த ராக் ஆல்பத்தின் அடித்தளத்தில் அமர்ந்திருக்கிறது. ‘அஸ் அண்ட் தெம்’ பாடலின் மெட்டு, இயக்குநர் அந்தோனியோனியின் ‘ஸாப்ரிஸ்கி பாயிண்ட்’ படத்துக்காக ரைட் அமைத்து, அந்த இயக்குநர் வேண்டாமென்று ஒதுக்கியது. ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’யின் இசையும் ரைட்டுடையதே. அதில் சொற்களே இல்லாமல் குரலால் உருகிய கிளேர் டோரிக்கு அன்று கிடைத்த கூலி 30 பவுண்டு. 2004இல் அவர் வழக்குத் தொடுத்தார். அடுத்த ஆண்டு சமரசம் ஏற்பட்டு, ரைட்டோடு அவர் பெயரும் படைப்பாளியாகச் சேர்ந்தது. உறையில் பெயர் இல்லை என்பதால் ஒருவர் எதையும் படைக்கவில்லை என்று ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டுமா?

அதே ஆதாரத்தை ரைட்டுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். 1977இல் வந்த ‘அனிமல்ஸ்’ ஆல்பத்தில் எந்தப் பாடலுக்கும் படைப்பாளியாக அவர் பெயர் இல்லை. அவர் ஒதுங்கிப் போய்விட்டார் என்று சொல்வோர் இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் ‘ஷீப்’ பாடலின் நீண்ட தொடக்கத்தை மீண்டும் கேளுங்கள்: எலக்ட்ரிக் பியானோவில் ரைட் தனியாக உலவிவரும் அந்தப் பகுதி இல்லையென்றால், பின்னால் வரும் ஆவேசத்துக்கு எதிர்நிறமே கிடையாது. பாடல் வாட்டர்ஸ் பெயரில் மட்டும் பதிவாகியிருக்கிறது.

1978இல் கில்மரும் ரைட்டும் தங்கள் முதல் தனி ஆல்பங்களை வெளியிட்டார்கள். அந்த நாட்களில் கில்மர் குறித்து வைத்த ஒரு மெட்டுதான் பிறகு ‘கம்ஃபர்ட்டப்ளி நம்ப்’ ஆயிற்று. தனி வேலை குழுவுக்கு ஊட்டமளித்தது. மேசனின் ‘ஃபிக்டிஷியஸ் ஸ்போர்ட்ஸ்’ அவர் பெயரில் வந்தாலும் பாடல்கள் முழுதும் கார்லா ப்ளே எழுதியவை. ‘தி வால்’ உருவாகிக்கொண்டிருந்தபோது ரைட் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். அதன் மேடை நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு வாசித்தார். வாட்டர்ஸ் 1984இல் வெளியிட்ட தனி ஆல்பத்துக்கு எரிக் கிளாப்டனையும் 1992இல் வெளியிட்டதற்கு ஜெஃப் பெக்கையும் அழைத்தார். கித்தாரின் வெற்றிடம் அவருக்குத் தெரிந்திருந்தது. ரைட் விட்டுச்சென்ற இடத்துக்கு அத்தனை பெரிய பெயரை அவர் தேடவில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானதும்கூட. ரைட் அவ்வளவு பெரிய கலைஞர் என்றால் அவருடைய தனி ஆல்பங்கள் ஏன் உயரவில்லை? ‘வெட் ட்ரீம்’ மென்மையானது, ஆனால் தளர்வானது. டேவ் ஹாரிஸுடன் 1984இல் செய்த ‘ஐடென்டிட்டி’யைத் தவறான சோதனை என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார். 1996இன் ‘ப்ரோக்கன் சைனா’ ஒன்றுதான் முழு நிறைவு தருகிறது. உண்மை. சொல்லின் கூர்மை ரைட்டிடம் இல்லை. அதை அவருக்குத் தந்தவர் வாட்டர்ஸ். இந்தக் குறை வாட்டர்ஸின் பங்கைத்தான் உறுதிப்படுத்துகிறது, ரைட்டின் பங்கைக் குறைக்கவில்லை.

மறுபாதிச் சான்றை வாட்டர்ஸே 2023இல் தந்தார். ‘டார்க் சைட்’ ஆல்பம் முழுவதையும் பழைய தோழர்கள் இல்லாமல் மீண்டும் பதிவுசெய்தார். கித்தார்த் தனியாவர்த்தனங்கள் போயின. டோரியின் குரல் உயர்ந்த இடத்தில் வாட்டர்ஸின் பேச்சு வந்தது. பொருள் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறது; ஆனால் 1973இல் அந்தப் பொருளைக் கேட்பவரின் நெஞ்சுக்குள் இறக்கிய இசை அங்கே மெலிந்துவிட்டது. அதே மெட்டுகள், அதே வரிகள், வரிகளை எழுதியவரே பாடுகிறார். அப்படியும் பழைய பதிவின் கனம் வரவில்லை.

ரைட் 2008 செப்டம்பர் 15 அன்று காலமானார். அவர் இல்லாமல் ‘எக்கோஸ்’ வாசிக்கப்போவதில்லை என்று கில்மர் சொன்னார். 2014இல் வந்த ‘தி எண்ட்லெஸ் ரிவர்’, பெரும்பாலும் ‘தி டிவிஷன் பெல்’ ஆல்பத்தின் காலத்தில், மீண்டும் குழுவோடு சேர்ந்திருந்த ரைட்டோடு பதிவுசெய்து மிஞ்சியவற்றிலிருந்து எழுப்பப்பட்டது. உடன் வாசித்தவர்கள் அவர் மதிப்பை அறிந்தே இருந்தார்கள். டோரிக்கு நீதிமன்றம் போனபின் கிடைத்த நியாயத்தை ரைட்டுக்கு ஆய்வாளர்களாவது எழுத்தில் வழங்க வேண்டும்: ‘ஷீப்’ பற்றி இனி எழுதுகிறவர்கள் அதன் தொடக்கத்தை உருவாக்கியவர் ரிச்சர்ட் ரைட் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடட்டும்.