ஆசிரியரைத் தெரிவு செய்யும் அதிகாரம்

பாடசாலை வரலாறு எழுதுவோர் அதன் கட்டடங்களையும் அதிபர்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் விரித்துரைப்பது வழக்கம். அங்கே கற்பிக்க வந்தோரைத் தெரிவு செய்தவர் யாவர் என்ற வினா அருகியே எழுகின்றது. ஆயினும், ஒரு சமூகத்தில் அறிவு எவர் கையில் தங்கியது, எவரை அணுகாது நின்றது என்பதை அறிய விழைவோருக்கு அவ்வினாவே திறவுகோலாகும்.

யாழ்ப்பாணத்தில் இவ்வினாவை முதன்முதல் வலியுறுத்தியோர் சைவர்களே எனலாம். மிஷன் பாடசாலைகளில் முகாமை பாதிரிமாரிடம் இருந்தது. ஆகவே ஆசிரியர் பதவிக்குக் கல்வியோடு சமயமும் தகுதியாயிற்று. ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும், 1923ஆம் ஆண்டில் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றியதும் இக்குறையை நீக்கும் முயற்சிகளாம். முகாமை தம் கைக்கு வந்தாலன்றித் தம்மவர் ஆசிரியராதல் அரிது என்பதை அப்பெரியோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

நிற்க, அவ்வுண்மை சைவ சமூகத்தினுள்ளும் பொருந்துவதாயிற்று. சாதியால் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குச் சைவப் பாடசாலைகள் பலவற்றின் கதவுகள் அடைபட்டே கிடந்தன. இந்நிலையில், நெல்லியடிக்கு அணித்தாய கரவெட்டிப் பகுதியில், 1914ஆம் ஆண்டில், கா. சூரன் என்னும் பெரியார் தேவரையாளிச் சைவ வித்தியாசாலையைத் தொடங்கினார். பிற்காலத்தில் தேவரையாளி இந்துக் கல்லூரியாக வளர்ந்தது இதுவே. இதன் சிறப்பு பிள்ளைகளுக்கு இடமளித்ததோடு அமையவில்லை. ஆசிரியரை அமர்த்தும் பொறுப்பும் ஒடுக்கப்பட்டோரிடமே வந்து சேர்ந்தமைதான் அதன் தனிச்சிறப்பாகும். அல்வாயூர்க் கவிஞர் மு. செல்லையா அங்கு ஆசிரியப் பணி புரிந்தார். எழுத்தாளர் தெணியான் அங்கே மாணவராயிருந்து, பின்னர் அங்கேயே ஆசிரியருமானார். கற்றவன் கற்பிப்பவனாக உயரும் வழி ஒன்று அவ்வூரிலே திறந்தது.

பிற பாடசாலைகளின் நிலை வேறு. 1930ஆம் ஆண்டளவில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்கவேண்டுமென்று கல்விப் பகுதியார் பணித்தபோது குடாநாட்டிற் கடும் எதிர்ப்பு மூண்டது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. காலப்போக்கில் மாணவரின் வாங்கு சமமாயிற்று. ஆசிரியரின் கதிரையோ அவ்வளவு எளிதிற் சமமாகவில்லை. ஏனெனில், சம்பளத்துக்கான பணம் அரசாங்கத்தினது. ஆளைத் தெரிவு செய்யும் உரிமை முகாமையாளரது.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசாங்கத்தின் கைப்படுத்தின. முகாமையாளரின் விருப்பு வெறுப்புக்கு அஞ்சிநின்ற ஆசிரியர்க்கு இது விடுதலையாயிற்று. மறுபுறம், ஊரறிந்தோர் செய்த தெரிவு தொலைவிலுள்ள அலுவலகத்துக்குச் சென்றது. அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதம் பழைய முகாமையாளரின் இடத்தைப் பற்றிக்கொள்ளவும் வழி பிறந்தது. ஒரு கையின் பக்கச்சார்பு நீங்க, மற்றொரு கையின் பக்கச்சார்பு புகுந்தது.

பல்கலைக்கழகங்களும் இவ்வினாவுக்கு விலக்கல்ல. 1974ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் ஒரு வளாகம் தோன்றிற்று. அதுவே பின்னர் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி விரிவுரையாளரை நியமிக்கும் அதிகாரம் பேரவைக்குரியது. தெரிவுக் குழு விதந்துரைக்கும். பேரவையிலே பீடாதிபதிகள் முதலியோரோடு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும் வெளியாரும் அமர்வர். உள்ளாரின் உறவுப்பற்றை வெளியாரும், வெளியாரின் அரசியற் சார்பை உள்ளாரும் தடுத்தல் வேண்டும் என்பதே இத்தகைய ஏற்பாட்டின் பயனாகக் கொள்ளத்தக்கது. இருவரும் ஒத்துப்போய்விடின் அப்பயன் கெடும். பெண்டிரும் ஒடுக்கப்பட்டோரும் பிற சமயத்தவரும் அம்மேசையைச் சூழ அமராதவிடத்து, அவர்தம் தகுதியை அளக்கும் கோலும் பிறர் கையிலேயே இருக்கும்.

தகுதியே அளவுகோல் என்பதை மறுப்பார் இலர். அக்கோலைப் பிடிக்கும் கை எவருடையது என்பதே ஆராயத்தக்கது. விண்ணப்பம் எழுதும் உரிமை மட்டும் ஒரு சமூகத்துக்குப் போதுமானதன்று. விண்ணப்பங்களைப் பிரித்துப் படிக்கும் இடத்திலும் அதற்கு ஓர் ஆசனம் வேண்டும். கரவெட்டி மண்ணிலே 1914இல் எழுந்த அச்சிறு வித்தியாசாலை உணர்த்திய பாடம் இதுவே.