இலையுதிர்கால மேசை நடு அலங்காரம்

இலையுதிர்கால மேசை நடு அலங்காரம் என்பது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை உணவுமேசையின் நடுவில் அமைக்கப்படும் அலங்காரம். பரங்கிக்காய், காய்ந்த மக்காச்சோளக் கதிர், கொட்டைகள், நிறம் மாறிய இலைகள், சாமந்தி ஆகியவை இதன் முதன்மைப் பொருள்கள். மற்றப் பருவங்களின் அலங்காரம் பெரும்பாலும் பூக்களால் ஆனது. சில நாளில் வாடிவிடும். இதில் இடம்பெறுபவை பெரும்பாலும் அறுவடைக்குப் பின் களஞ்சியத்தில் இருப்பு வைக்கத் தக்கவை. ஆகவே இது வாரக்கணக்கில் மேசையில் இருக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நன்றி நவிலல் நாள் விருந்தோடும், ஐரோப்பிய நாடுகளில் அறுவடைத் திருவிழாக்களோடும் இது இணைத்துப் பார்க்கப்படுகிறது.

பருவமும் பின்னணியும்

தமிழகக் காடுகளில் மரங்கள் இலை உதிர்ப்பது மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் குறையும் தை, மாசி மாதங்களையொட்டி. வடக்கு மிதவெப்ப நாடுகளில் பகல் சுருங்குவதும் குளிர் ஏறுவதுமே இலையுதிர்வுக்குக் காரணம். செப்டம்பர் 22 அல்லது 23இல் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும். அதன்பின் இரவு நீள்கிறது. முதல் உறைபனி விழுந்ததும் டாலியா போன்ற மென்மையான தோட்டப்பூக்கள் கருகிவிடுகின்றன. அதற்குள் நிலத்திலிருந்து எடுத்து வைத்தவையும், பனியைத் தாங்கக்கூடிய சிலவுமே வீட்டு அலங்காரத்துக்குக் கிடைக்கும். எந்தப் பொருள் மேசைக்கு வரும் என்பதை உறைபனியே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

வரலாறு

ஐரோப்பியச் செல்வர் வீடுகளில் மேசையின் நடுவிடம் நெடுங்காலம் உணவுக்கும் செல்வச் செருக்குக்கும் உரியதாக இருந்தது. இடைக்காலப் பிரபுக்களின் மேசையில் கப்பல் வடிவ வெள்ளிக்கலம் நின்றது. 1527–28இல் பாரிசில் செய்யப்பட்ட அத்தகைய ஒரு கலம் லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சங்குபோன்ற நாட்டிலஸ் கிளிஞ்சலை உடலாகக் கொண்ட அது, மேசையில் உப்பு வைக்கப் பயன்பட்டது. பின்னர் சர்க்கரைப் பாகில் வார்த்த உருவங்கள் வந்தன. 1710இல் ஜெர்மனியின் மெய்சென் நகரில் பீங்கான் ஆலை தொடங்கிய பிறகு, சர்க்கரைப் பொம்மைகளின் இடத்தைப் பீங்கான் பொம்மைகள் பிடித்தன. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பழமும் இனிப்பும் வைக்கும் கிளைகள் கொண்ட வெள்ளித் தாங்கிகள் நடுவில் நின்றன.

பெரிய மாற்றம் பரிமாறும் முறையில் நிகழ்ந்தது. பிரெஞ்சு முறையில் ஒரு சுற்றுக்குரிய பதார்த்தங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மேசை முழுதும் பரப்பப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் பரவிய ரஷ்ய முறையில் பணியாளர்கள் உணவைச் சமையலறையிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பரிமாறினார்கள். தட்டுகள் மேசையை விட்டு அகன்றதும் நடுவிடம் காலியானது. அங்கே பூவும் பழமும் ஏறின. 1861இல் லண்டனில் அரச தோட்டக்கலைக் கழகம் நடத்திய மேசை அலங்காரப் போட்டியில் தாமஸ் மார்ச் முதற்பரிசு பெற்றார். கீழே ஒரு தட்டும், மெல்லிய கண்ணாடித் தண்டின் உச்சியில் இன்னொரு தட்டும் கொண்டது அவருடைய தாங்கி. அந்த மெல்லிய தண்டு பார்வையை மறைக்காது. எதிரே இருப்பவர் முகத்தை அலங்காரம் மறைக்கக்கூடாது என்ற விதி இன்றும் இக்கலையின் முதல் விதி.

அறுவடை விழாக்கள் மற்றொரு ஊற்று. இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியின் மார்வென்ஸ்டோ ஊர்ப் பாதிரியார் ராபர்ட் ஹாக்கர் 1843இல் தேவாலயத்தில் நடத்திய அறுவடை நன்றி வழிபாடு, பின்னர் நாடெங்கும் வழக்கமானது. விளைபொருளால் தேவாலயத்தை அலங்கரிப்பதும் அதோடு பரவியது. ஜெர்மனியில் அறுவடை நன்றி விழா பெரும்பாலும் அக்டோபர் முதல் ஞாயிறன்று கொண்டாடப்படுகிறது.

அமெரிக்காவில் இந்த வழக்கம் 1621இல் பிளிமத் குடியேற்றத்தில் நடந்த விருந்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஆங்கிலேயரும், மசாசோயிட் தலைமையில் வந்த வாம்பனோவாக் மக்கள் சுமார் 90 பேரும் மூன்று நாள் உண்டார்கள். அதில் கலந்துகொண்ட எட்வர்ட் வின்ஸ்லோவின் கடிதத்தில் வேட்டைப் பறவைகளும் ஐந்து மான்களும் உண்டு. மேசை அலங்காரம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்றைய வடிவம் 19ஆம் நூற்றாண்டின் ஆக்கம். பெண்கள் இதழொன்றின் ஆசிரியரான சாரா ஜோசபா ஹேல் பல ஆண்டுகள் வற்புறுத்திய பின்னணியில், 1863இல் ஆபிரகாம் லிங்கன் நவம்பர் கடைசி வியாழனை நாடு முழுவதற்கும் நன்றி நாளாக அறிவித்தார். 1941இல் நாடாளுமன்றச் சட்டம் அதை நான்காம் வியாழனாக நிலைநிறுத்தியது. கனடாவில் 1957 முதல் அக்டோபர் இரண்டாம் திங்கள் இந்நாள். விடுமுறைக்குக் குடும்பம் கூடும் மேசைக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. அதைக் கழனியே தந்தது.

வளக்கொம்பு

அமெரிக்க மேசைகளில் வெகுகாலம் முதன்மை பெற்ற வடிவம் கார்னுகோபியா எனப்படும் வளக்கொம்பு. கிரேக்கப் புராணத்தில் குழந்தை சீயஸுக்குப் பால் ஊட்டிய ஆடு அமல்தேயா. அதன் ஒடிந்த கொம்பு வேண்டியதையெல்லாம் வழங்கியது என்பது ஒரு கதை. ஆற்றுத் தெய்வமான அகெலோவஸோடு மற்போர் செய்த ஹெராக்ளீஸ் அவன் கொம்பை முறித்தார், நீரணங்குகள் அதைப் பழத்தாலும் பூவாலும் நிரப்பினர் என்பது ஓவிட் சொல்லும் கதை. பெரு, கொலம்பியா, பனாமா நாடுகளின் சின்னங்களில் இக்கொம்பு இடம்பெறுகிறது. மேசையில் வைப்பதற்கு இதைப் பிரம்பாலோ கொடியாலோ பின்னுவார்கள். ரொட்டி மாவில் உருட்டிச் சுட்டும் செய்வார்கள். வாய்ப்பக்கம் வழிந்து சிதறுவதுபோல் காய்களை அடுக்குவதே இதன் அழகு. இப்போது நீளமான தட்டிலோ மரத்தொட்டியிலோ தாழ்வாகப் பரப்பும் பாணி அதிகமாகியிருக்கிறது.

பொருள்கள்

பரங்கிக்காய்: குக்குர்பிட்டா பேரினத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவின் ஓவாக்சாகா பகுதியிலுள்ள கிலா நகிட்ஸ் குகையில் கிடைத்த விதைகள், ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் இதைப் பயிரிட்டதைக் காட்டுகின்றன. தமிழில் இதற்கு வழங்கும் பெயரே இது கடல்கடந்து வந்த செய்தியைச் சொல்லும்: பரங்கியர் காலத்தில் வந்தது பரங்கிக்காய். மேசைக்குக் கைக்கடக்கமான குட்டி வகைகள், வெள்ளை வகைகள், தட்டையான செந்நிறப் பிரெஞ்சு வகை, தலைப்பாகை வடிவ வகை ஆகியவை விரும்பப்படுகின்றன. கரணை கரணையாகப் புடைத்த சிறு அலங்காரப் பரங்கிகள் பார்ப்பதற்கு மட்டுமே. கசப்பும் நச்சும் உள்ள குக்குர்பிட்டசின் அவற்றில் இருப்பதால் சமைக்கலாகாது.

மக்காச்சோளம்: மஞ்சள், சிவப்பு, ஊதா, கருமை என ஒரே கதிரில் பல நிற மணிகள் கொண்ட கடினவகைச் சோளம் மேலுறையோடு உலர்த்தப்படுகிறது. பரங்கியும் மக்காச்சோளமும் அவரையும் வட அமெரிக்கப் பழங்குடிகள் ஒரே நிலத்தில் கூட்டாக வளர்த்த பயிர்கள். ஹோடெனோஷோனி மக்கள் அவற்றை மூன்று சகோதரிகள் என்பர். ஐரோப்பியக் குடியேறிகளின் பாரம்பரியம் எனக் கருதப்படும் மேசையில் முன்னிற்பவை அம்மக்களின் பயிர்களே.

இலைகள்: குளிர் தொடங்கியதும் பச்சையம் சிதைந்து, முன்பே இலையில் இருந்த கரோட்டினாய்டுகளின் மஞ்சளும் ஆரஞ்சும் வெளித்தெரிகின்றன. மேப்பிள் போன்றவற்றின் சிவப்பு அப்படியன்று. இலையில் தேங்கும் சர்க்கரையிலிருந்து அந்தோசயனின் புதிதாக உருவாவதால் அது வருகிறது. உதிர்ந்த இலை ஓரிரு நாளில் சுருண்டு நொறுங்கும். அதைத் தவிர்க்க ஒரு பங்கு கிளிசரினை இரண்டு பங்கு நீரில் கலந்து, இலைகளைச் சில நாள் மூழ்க வைப்பார்கள். நீர் வெளியேறிய இடத்தில் கிளிசரின் தங்குவதால் இலை தோல்போல் வளையும். நிறம் சற்று மங்கும். தடித்த புத்தகங்களுக்கிடையே அழுத்தி உலர்த்துவது எளிய வழி.

பூக்கள்: பகல் குறுகினால்தான் சாமந்தி மொட்டுவிடும். ஆகவே இது இப்பருவத்தின் இயல்பான பூ. இலேசான பனியையும் தாங்கும். ஆனால் பிரான்சிலும் இத்தாலியிலும் நவம்பர் தொடக்கத்தில் கல்லறைகளில் வைக்கும் பூ இது என்பதால், அங்கே விருந்துமேசையில் சாமந்தியைத் தவிர்ப்பதே மரியாதை. சூரியகாந்தி, டாலியா, காய்ந்த கோதுமைக்கதிர், காகிதக் கூண்டுபோன்ற ஆரஞ்சு உறை கொண்ட ஃபைசாலிஸ் ஆகியவையும் சேரும்.

கொட்டைகளும் கூம்புகளும்: அக்ரூட், செஸ்ட்நட், ஓக் கொட்டை, பைன் கூம்பு ஆகியவை இடைவெளி நிரப்பப் பயன்படுகின்றன. காட்டில் பொறுக்கிய ஓக் கொட்டைக்குள் வண்டுப்புழு இருப்பது சாதாரணம். விருந்தின் நடுவே அது வெளியே வராமலிருக்க, கொட்டைகளையும் கூம்புகளையும் சுமார் 95 டிகிரி செல்சியசில் அரைமணி நேரம் அடுப்பில் வைத்து எடுப்பார்கள்.

அளவு

உட்கார்ந்திருப்பவர் கண்மட்டம் மேசைப்பரப்பிலிருந்து ஏறத்தாழ 40 முதல் 45 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதனால் அலங்காரம் 30 செ.மீ.க்கு மேல் உயராமல் பார்த்துக்கொள்வார்கள். மேசையில் முழங்கையை ஊன்றி முஷ்டியை மடக்கினால் வரும் உயரம் கைக்கணக்கு. நீளம் மேசையின் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போகலாம். ஆறு பேர் அமரும் 180 செ.மீ. நீள, 90 செ.மீ. அகல மேசையில் 60 முதல் 75 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் போதும்; அப்போதுதான் தட்டுக்கும் பரிமாறும் பாத்திரத்துக்கும் இடம் மிஞ்சும்.

செய்முறை

1. மேசை நீளவாக்கில் துணி விரித்து, அதன்மேல் தட்டு அல்லது மரப்பலகை வைக்க வேண்டும். காயின் அடியிலிருந்து கசியும் ஈரம் மரத்தில் கறை விடும் என்பதால் இது அவசியம்.

2. பரங்கிக்காய்களை ஈரத்துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கக்கூடாது. காம்பு ஒடிந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும்.

3. பெரிய காய்கள் மூன்றை முதலில் வைக்க வேண்டும். பெரியது நட்டநடுவில் இல்லாமல் சற்று விலகியும், காம்புகள் வெவ்வேறு திசை நோக்கியும் இருந்தால் கடையில் அடுக்கிய தோற்றம் வராது.

4. பூவுக்கு நீர் வேண்டும். ஒரு பரங்கியின் மேற்பகுதியை வெட்டி உள்ளே குடைந்து, அதனுள் கண்ணாடித் தம்ளர் இறக்கி நீர் ஊற்றலாம். நீரை நேரே காயில் ஊற்றினால் விரைவில் இளகிவிடும். குடைந்த காய் சில நாளே தாங்கும் என்பதால் அதை விருந்துக்கு முந்தைய நாள் செய்வது நல்லது.

5. பூத்தண்டுகளைச் சாய்வாக நறுக்கி, நீரில் மூழ்கும் பகுதியின் இலைகளை நீக்கிச் செருக வேண்டும். தண்டு நிற்பதற்குக் கம்பிவலையைச் சுருட்டி வைக்கலாம். ஜப்பானிய இகெபானாவில் பயன்படும் கென்சான் என்ற ஊசித்தட்டும் உதவும்.

6. சிறு காய்கள், சோளக்கதிர்கள், கொட்டைகளால் இடைவெளிகளை நிரப்பி, இலைகளைக் கடைசியாக ஓரங்களில் செருக வேண்டும்.

7. எல்லா நாற்காலியிலும் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். நின்று பார்க்கும்போது தெரியாத குறை அப்போது தெரியும்.

பராமரிப்பு

வெட்டாத பரங்கிக்காய் குளிர்ந்த, உலர்ந்த அறையில் இரண்டு, மூன்று மாதம் இருக்கும். ஆப்பிளும் பேரிக்காயும் அழகுக்காகச் சேர்க்கப்படுவதுண்டு. ஆனால் அவை வெளிவிடும் எத்திலீன் கார்னேஷன் போன்ற பூக்களைச் சீக்கிரம் வாடச்செய்யும். வாழைத்தாரைப் புகைபோட்டு மூடிப் பழுக்கவைப்பதிலும் வேலை செய்வது இவ்வாயுவே. சாமந்தி இதற்கு அவ்வளவாக அசையாது.

பாதுகாப்பு

காய்ந்த இலையும் கதிர்த்தோலும் நெருப்புக்கு உடனே இரையாகும். எரியக்கூடிய எதிலிருந்தும் மெழுகுவத்தி குறைந்தது 30 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் அறிவுரை. உலர்பொருள் நிறைந்த குறுகிய மேசையில் இந்த இடைவெளி கிடைக்காது. மின்கலத்தில் எரியும் மெழுகுவத்தி அங்கே பொருந்தும். நறுமண மெழுகுவத்தி உணவின் வாசனையைக் கெடுக்கும். ஆரஞ்சுப் பழங்கள் கொண்ட செலாஸ்ட்ரஸ் கொடி மாலைகட்ட உகந்தது என்றாலும், அதன் பழம் நச்சு. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வீட்டுக்கு அது ஆகாது.

சுற்றுச்சூழல்

அலங்காரச் செடியாக 19ஆம் நூற்றாண்டில் ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட செலாஸ்ட்ரஸ் வகை, இன்று அங்கே காட்டுமரங்களை நெரிக்கும் ஆக்கிரமிப்புக் கொடி. வீசியெறிந்த மாலைகளிலிருந்து பறவைகள் விதையைப் பரப்புகின்றன. பூத்தண்டுகளைச் செருகி நிறுத்தப் பயன்படும், நீர் உறிஞ்சும் பச்சை நுரைக்கட்டி 1954இல் ஒகையோ மாநிலத்தில் வெர்னன் ஸ்மிதர்ஸ் உருவாக்கியது. பூவேலையை அது எளிதாக்கினாலும், மட்காமல் நுண்நெகிழித் துகளாக உதிர்வதால் அரச தோட்டக்கலைக் கழகம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதைத் தடைசெய்தது.

வண்ணமோ மெருகோ பூசாத, வெட்டாத சமையல்வகைப் பரங்கிக்காய் விருந்து முடிந்தபின் சூப்பாகவோ இனிப்புப் பணியாரமாகவோ அடுப்பேறலாம். அக்ரூட்டையும் செஸ்ட்நட்டையும் உடைத்துத் தின்னலாம். சோளமணியைப் பறவைகளுக்குப் போடலாம். மீந்தவை மக்குக் குழிக்குப் போகும். உணவு அகன்றதால் காலியான மேசை நடுவில் வந்து அமர்ந்த விளைச்சல், இப்படியாக மறுபடியும் உணவாகிறது.